நாலு நாள் கட்டி வைத்த கை

என் பழைய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் கிடந்த நாற்காலிகளை எடுத்துவிட்டார்களாம். இனிமேல் உறவுக்காரர்கள் அங்கே வந்து தவம் கிடக்க வேண்டியதில்லை. காலையும் மாலையும் அவர்கள் செல்போனுக்கே தகவல் போய்விடும். 'நோயாளி நிலையாக இருக்கிறார்' என்று பச்சை நிறத்தில் வருமாம். நிலையாக இல்லாவிட்டால் என்ன நிறம் என்று கேட்டேன். போன் செய்த பெண் சிரித்தாள். அவள் என்னிடம் வேலை பழகியவள், இப்போது அங்கே சிஸ்டர் இன்சார்ஜ். அந்த வாசலை இத்தனை வருஷம் பார்த்தவள் என்ற முறையில் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். ஆண்டு மலரில் போடுகிற மாதிரி எழுத எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன், மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

நான் நர்சிங் படித்த கதையில் சுவாரஸ்யம் ஒன்றும் கிடையாது. ஹாஸ்டல் சாம்பார், பெட்ஷீட்டின் மூலையை மடிக்கும் விதம், கால் வலி, அவ்வளவுதான். அப்புறம் மந்தைவெளியில் வீடு, அடையாறில் வேலை, நடுவில் பஸ். முதல் ஐந்து வருஷம் ஜெனரல் வார்டு. ஐ.சி.யூ.வில் ஆள் போதவில்லை என்று ஒருநாள் அங்கே தள்ளிவிட்டார்கள், எனக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வார்டு நோயாளி மணிக்குப் பத்து தடவை கூப்பிடுவார். ஐ.சி.யூ. நோயாளியின் வாயில் குழாய் இருக்கும், பேச மாட்டார். எனக்குப் பொறுமை குறைவு. பேசாத நோயாளிதான் எனக்குத் தோதாக இருந்தார். எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

எங்கள் தலைமை டாக்டருக்கு நர்ஸுகள் வைத்த பெயர் 'நாலு நிமிஷம்'. காலை ஏழரைக்கு ரவுண்ட்ஸ் வருவார். நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், நோயாளியின் கால் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்பார். விரல் சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மானிட்டரைப் பார்ப்பார். நான் முழுக் கதையும் ஒப்பிப்பேன். அவர் "ம்" என்பார். அந்த 'ம்'மில் இரண்டு வகை உண்டு. குட்டை 'ம்' என்றால் சரி. நீட்டினால் நான் எதையோ விட்டுவிட்டேன் என்று அர்த்தம். எதை என்று சொல்ல மாட்டார், நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உறவுக்காரர்கள் முன்னால் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. திட்ட வேண்டுமென்றால் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய், சலைன் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கவைத்துத் திட்டுவார்.

உறவுக்காரர்களோடு பேசத் தனியாக ஒரு சின்ன அறை. அங்கே போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் தன்னைப் பார்த்த மாதிரி வைத்துக்கொள்வார். நாலு நிமிஷம் ஆனதும் மறுபடி கட்டிக்கொள்வார், பேச்சு முடிந்தது. "இருபத்திநாலு மணி நேரம் போகட்டும்" என்பதுதான் அவருடைய முத்தாய்ப்பு. ஒரு குடும்பத்துக்குத் தொடர்ந்து பத்தொன்பது நாள் இதையே சொன்னார். இருபதாவது நாள் நோயாளியே எழுந்து உட்கார்ந்து, இன்னும் எத்தனை இருபத்திநாலு என்று கேட்டார்.

உறவுக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா என்ன? மயிலாப்பூர் பேராசிரியர் ஒருவர், ரிட்டயர் ஆனவர். அவருடைய தம்பிக்கு நெஞ்சுவலி, நாலாம் கட்டில். முதல் நாளே வந்து, "தலையை வடக்கே வெச்சுண்டு படுத்திருக்கானே, எப்படிம்மா தேறுவான்?" என்று ஆரம்பித்தார். கட்டிலோடு பத்து ஒயரும் நாலு குழாயும் சுவரில் செருகியிருக்கின்றன, திருப்ப முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். மனுஷன் மூன்று நாள் விடவில்லை. கடைசியில் 'நாலு நிமிஷம்' தொல்லை தாங்காமல், எதிர்ப்பக்கம் இருந்த ஒன்பதாம் கட்டில்காரரை நாலுக்கும் இவரை ஒன்பதுக்கும் மாற்றச் சொன்னார். தம்பி பிழைத்துக்கொண்டார். பேராசிரியர் தன் கெட்டிக்காரத்தனத்தை வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் கட்டில்காரரின் மாமனாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நடந்த ரகளையை எழுதினால் மலர் தாங்காது. அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். உறவுக்காரர்கள் சொல்வதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட வேண்டும். பல வருஷம் அப்படித்தான் விட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை ஜூனியர் பெண்களிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ரிட்டயர் ஆவதற்கு மூன்று வருஷம் இருக்கும்போது அந்தோணி என்று ஒருவர் வந்தார். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் வீடு, ஐம்பத்தெட்டு வயது, சொந்தப் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. வீட்டிலேயே மூச்சு முட்டி மயங்கி விழுந்துதான் தூக்கி வந்தார்கள். வந்த அன்றே வாயில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் மாட்டினோம். அவருடைய மனைவி லூர்து, ரோட்டோரத்தில் மீன் விற்பவர். பதினொரு மணிக்குத்தான் பார்வை நேரம், ஒருவருக்கு ஐந்து நிமிஷம். வியாபாரத்தை முடித்துக் குளித்து வேறு புடவை கட்டிக்கொண்டு வருவார். அப்படியும் மீன் வாடை அடிக்கிறது என்று வாசலில் சில பேர் முகம் சுளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இதே லூர்துவிடம் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள்தான்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவர் குழாயைப் பொறுத்துக்கொள்ளத் தூக்க மருந்து சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு அதை நிறுத்துவோம். ஆள் மெல்ல விழிப்பார். தலைமாட்டில் நின்று மூன்று விஷயம் சொல்வோம்: கண்ணைத் திறங்க, என் கையை அழுத்துங்க, ரெண்டு விரலைக் காட்டுங்க. செய்தால் மூளை நன்றாக இருக்கிறது, குழாயை எடுக்க யோசிக்கலாம். செய்யாமல் கையைக் காலை உதறினால் மறுபடி மருந்தைத் திறந்துவிடுவோம்.

உதறுகிற கை குழாயைப் பிடுங்கிவிடும் என்பதால் மணிக்கட்டைக் கட்டுவோம். முதலில் பஞ்சு, அதன்மேல் பேண்டேஜ் துணி, இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. இழுத்தால் இறுகாத முடிச்சு. துணியின் நுனியைக் கட்டிலின் சட்டத்தில் கட்ட வேண்டும், ஏற்றி இறக்குகிற கம்பியில் கட்டக் கூடாது. இரண்டு மணிக்கொரு தரம் நகத்தின் நிறம் பார்க்க வேண்டும். இந்த முடிச்சுக்கு எனக்குப் பெயர் உண்டு. புதுப் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அந்தோணியின் கைகளைக் கட்டியதும் நான்தான்.

நாலு நாள் காலையிலும் ஒரே கதை. மருந்தை நிறுத்துவோம், கண்ணைத் திறப்பார். கையை அழுத்துங்க என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவர் அழுத்த மாட்டார். விரல்களை விரிப்பார், மடக்குவார், மணிக்கட்டைத் திருப்புவார், கட்டை இழுப்பார். 'கட்டுக்கடங்காமல் உதறுகிறார், சொன்னதைச் செய்யவில்லை' என்று எழுதிவிட்டு மருந்தைத் திறந்துவிடுவேன். பதினொரு மணிக்கு லூர்து வரும்போது ஆள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் நாளே லூர்து என்னைப் பிடித்துக்கொண்டார். "அவுருக்குக் காது கேக்காது சிஸ்டர். அத்த எழுதிக்கினியா?" என்றார். சேரும்போது நிரப்புகிற தாளில் காது மெஷின் உண்டா என்றுதான் கேள்வி. மெஷின் இல்லை, அதனால் இல்லை என்று எழுதியிருந்தது. காதைப் பற்றி அந்தத் தாளில் வேறு கேள்வி கிடையாது. நான் தாளைத் தேடக்கூட இல்லை. "எந்தப் புருஷனுக்கும்மா பொண்டாட்டி பேசுறது காதுல விழுது?" என்றேன். பக்கத்தில் இருந்த நர்ஸுகள் சிரித்தார்கள். லூர்து சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாம் நாள், அவர் முழிக்கிற நேரத்தில் தன்னை உள்ளே விடச் சொல்லிக் கேட்டார். பார்வை நேரம் பதினொரு மணி என்றேன். நாலாம் நாளும் கேட்டார், நாலாம் நாளும் அதையே சொன்னேன். ரூல் பேசுவது ரொம்பச் சௌகரியமான வேலை, யோசிக்கவே வேண்டாம்.

அன்றைக்கே அவரைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். 'நாலு நிமிஷம்' கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: மயங்கிக் கிடந்த நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருந்திருக்கலாம். ஆள் விழிக்கிறார், ஆனால் எதுவும் புரிந்த மாதிரி தெரியவில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாயை மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இப்படியேகூட இருக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் யோசியுங்கள். லூர்து ஒரு கேள்விதான் கேட்டார், என்னை அடையாளம் தெரியுமா என்று. தெரியாமல் போகலாம் என்றார் டாக்டர். கையெழுத்துப் போடுகிற தாளை நான் நீட்டினேன். லூர்து, நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மயிலாப்பூரில் தேர். 'நாலு நிமிஷ'த்தின் கார் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அன்று தான் வந்த பிறகே மருந்தை நிறுத்த வேண்டும் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். அவர் வராமல் எதையும் தொட ஜூனியர் டாக்டருக்குப் பயம், கடைசியில் போனில் கேட்டுத் தூக்க மருந்தை நிறுத்தும்போதே மணி பத்தரை. அதனால் பதினொரு மணிக்கு லூர்து உள்ளே வந்தபோது அந்தோணி முழித்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக.

முகம் கறுத்து, கண் பிதுங்கி, இரண்டு கையும் கட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தன. நான் மருந்தைத் திறக்கப் போனேன். உறவுக்காரர் இதையெல்லாம் பார்க்கக் கூடாது, வெளியே போம்மா என்றேன். லூர்து நகரவில்லை. கட்டிலின் ஓரம் குனிந்து வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணி விரல்களைக் குவித்துக் கீழே நோக்கி விரித்தார். மறுபடி குவித்தார், விரித்தார்.

"அவுரு சும்மா ஆட்டல சிஸ்டர். பேசிக்கினு கீறாரு. தண்ணி உள்ள ஏறுதுன்றாரு."

அந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் குழாயில் களகளவென்று ஒரு சத்தம் என் காதில் விழுந்தது. எனக்கும் காது அவ்வளவு லட்சணம். சளி உறிஞ்சும் குழாயை விட்டேன். கெட்டியாக அவ்வளவு சளி வந்தது. அந்தோணியின் முகம் தெளிந்தது, கை படுக்கையில் அடங்கியது. லூர்து அவர் கண்ணெதிரே கையை நீட்டி சரியாகிவிட்டதா என்கிற மாதிரி உள்ளங்கையை இரண்டு தரம் தட்டிக் காட்டினார். அவரும் கட்டியிருந்த கையின் விரலால் படுக்கையை இரண்டு தரம் தட்டினார்.

 இது என்னம்மா என்று கேட்டேன். லூர்து சொன்னதன் சாரம் இதுதான். படகில் இஞ்சின் ஓடும்போது வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஒருத்தர் முன்னால் நிற்பார், ஒருத்தர் பின்னால் இஞ்சினைப் பிடித்திருப்பார். எல்லாம் கைதான்: நிறுத்து, திருப்பு, வலை மாட்டிக்கிச்சு, படகில் தண்ணீர் ஏறுது. முப்பது வருஷமாக இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காதும் போய்விட்ட பிறகு, வீட்டிலும் அதே கைதான் பேச்சு. "கோவம் வந்தா கைய மடக்கி வெச்சுக்குவாரு, அப்டின்னா பேச மாட்டேன்னு அர்த்தம்" என்றார்.

நான் தூக்க மருந்தைத் திறக்கவில்லை. ஆனால் கட்டை அவிழ்க்கவும் இல்லை. பெரிய டாக்டர் சொல்லாமல் அவிழ்க்க முடியாது. அவர் பன்னிரண்டு மணிக்கு வியர்த்துப்போய் வந்தார். தேரைத் திட்டினார், போலீஸைத் திட்டினார், தாளில் கையெழுத்து ஆச்சா என்று கேட்டார். லூர்து அவர் முன்னால் போய் நின்றார்.

"அவுரு கைய அவுத்து வுடு சார். அப்பால நீ எந்தப் பேப்பர குடுத்தாலும் போடறேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். நீளமாக ஒரு 'ம்' வந்தது. பொண்டாட்டிக்கு ஆசை இருக்கும், ஆசையில் எதைப் பார்த்தாலும் பேச்சு மாதிரிதான் தெரியும் என்றார். லூர்து அசரவில்லை, நீயே சோதிச்சுப் பார் என்றார். மனுஷன் கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். லூர்துவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். வாயைத் திறக்கக் கூடாது. இடது கையில் ரெண்டு விரலை மட்டும் நீட்டச் சொல்லு, அப்புறம் கண்ணை மூடித் திறக்கச் சொல்லு என்று காதோடு சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அந்தோணியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூர்து கையை அசைத்தார். அந்தோணி பார்த்தார். இடது கையில் இரண்டு விரல் நீண்டன. கண்ணை மூடினார், திறந்தார்.

 பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திட்டு வாங்க அவரும்தானே என் பக்கத்தில் நிற்க வேண்டும். தொண்டையில் துளை போடுகிற தாளைக் கிழித்தார். நோயாளியின் குறிப்பில் 'சொன்னதைச் செய்கிறார்' என்று எழுதி, ஒரு காற்புள்ளி போட்டு, 'மனைவி சொன்னால்' என்று சேர்த்தார். "அவிழ்த்து விடுங்க" என்றார். கட்டிய நானே அவிழ்த்தேன். அந்தக் கை ஒரு தரம்கூடக் குழாய்ப் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் லூர்து காலையிலிருந்து உள்ளேயே இருந்தார். பார்வை நேரத்தைக் காட்டிச் செக்யூரிட்டி மறித்தபோது, 'நாலு நிமிஷம்' ஒரு ஊழியர் பாஸ் எழுதிக் கொடுத்தார். வேலை என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருந்தார். மூன்றாம் நாள் வாய்க் குழாயை எடுத்தோம். குரல் சரியாக எழும்பவில்லை, அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. பன்னிரண்டு கட்டிலிலும் அதிகமாகப் பேசியது அந்தக் கட்டில்தான். என்னைக் கண்டால் அந்தோணி இரண்டு முஷ்டியையும் சேர்த்து முறுக்கிக் காட்டுவார். அது எனக்கு வைத்த பெயராம். லூர்து தயங்கித் தயங்கிச் சொன்னார், முடிச்சுக்காரி என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலைத் தாண்டிப் போனதும் நானாகவே ஸ்டோர் ரூமில் போய் நின்றேன்.

எட்டாம் நாள் மறுபடி காய்ச்சல். புதுக் கிருமி, நைந்துபோன நுரையீரல். எங்களிடம் இருந்த எல்லா மருந்தையும் பார்த்துவிட்டோம். பத்தாம் நாள் மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார். லூர்துவின் கைக்குள் அவர் கை இருந்தது, அதில் கட்டு இல்லை. அன்று 'நாலு நிமிஷம்' கடிகாரத்தைக் கழற்றவே இல்லை. லூர்துவின் பக்கத்தில் உட்கார்ந்து வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகல் வாங்க லூர்து வந்தார். வேலை முடிந்ததும் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசல் நாற்காலியில் என்னையும் உட்காரவைத்து, ஒன்பது நாளில் அந்தோணி சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். படகை விற்காதே, வலையைத் தம்பிக்குக் கொடு, உன் முட்டிவலிக்கு டாக்டரைப் பார், அவ்வளவும் மனப்பாடமாக வைத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அதுக்கு முன்னால நாலு நாள் காலைல கைய ஆட்னாருன்னியே சிஸ்டர். அப்ப இன்னா சொன்னாரு? அவுரையே கேட்டேன், மருந்துல ஞாபகம் இல்லன்ட்டாரு. நீ கிட்டக்கவே நின்னியே. எப்டி ஆட்னாருன்னு கொஞ்சம் காட்டு. நான் படிச்சுக்கறேன்."

நான் ஒரு முழ தூரத்தில் நின்றவள். நாலு காலை. அந்தக் கைகளை என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் யாருமில்லை. நான் முடிச்சைப் பார்த்தேன், நகத்தின் நிறத்தைப் பார்த்தேன்.

இரண்டு கையையும் தூக்கினேன். விரல்களை விரித்தேன், மடக்கினேன், மணிக்கட்டைத் திருப்பினேன். லூர்து குனிந்து உன்னிப்பாகப் பார்த்தார். இன்னொரு தரம் என்றார். இன்னொரு தரம் செய்தபோது அது வேறு மாதிரி வந்தது. மூன்றாம் தரம் அதுவும் இல்லாமல் வேறு மாதிரி.

லூர்து என் இரண்டு கையையும் பிடித்து மெதுவாக என் மடியில் வைத்தார்.

"வுடு சிஸ்டர்," என்றார். "நீ சும்மா ஆட்ற."